தும்மட்டி வேரில் ஏறிய கிர்ணி

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த எங்கள் தொழிலாளர் லைனில் கடைசி வீடு சரோஜம்மாவுடையது. பகலில் ஃப்ளோரா என்கிற நர்ஸம்மா வீட்டில் வேலை. சாயங்காலம் சொந்த வேலை. வீட்டை ஒட்டிய வெற்றுத் தரைக்கு, லைன் முழுக்கக் குளிக்கிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி இழுத்து, கோடையில் கிர்ணிப்பழம் போடுவார். கொடி நன்றாகத்தான் ஓடும். பிஞ்சு விடுகிற சமயம் பார்த்து வேர் அழுகி, ஒரே வெயிலில் துவண்டு படுத்துவிடும்.

"மேல ஒண்ணும் கோளாறு இல்ல. கீழ் லெவல்லதான் இன்னாவோ நடக்குது" என்பார். சுரங்கத்துக்காரர் மனைவி வேறெப்படி யோசிப்பார்?

அறுபத்தேழில், நர்ஸம்மா ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். ரோஜாவுக்கு ஆகிறது கிர்ணிக்கு ஆகாதா? பூசணி நாற்றின் தலையைக் கிள்ளினார். தண்டைப் பிளேடால் கீறி, ஆப்பு மாதிரி சீவிய கிர்ணி நாற்றைச் செருகி, வாழை நாரால் கட்டி, மேலே பானையைக் கவிழ்த்தார். ஒட்டிக்கொண்டது. கொடி சாகவில்லை. பழங்களும் குடம் குடமாக வந்தன. அறுத்தால் வாசனைதான் இல்லை.

ஜனங்கள் விடுவார்களா? "சரோஜாக்கா, சாம்பாருக்கு நறுக்கட்டுமா?" என்று குழாயடியில் ஆரம்பித்தார்கள். அந்தத் தரையின்மேல் ரொம்ப நாளாகவே கண் வைத்திருந்தவன் முனியப்பன். அவனுக்கும் சுரங்கத்தில்தான் வேலை; பால் பேட்மிண்டன் டீம் கேப்டன். கோர்ட் போட இடமில்லாத டீம்.

"இன்னாக்கா, பூசணி வளக்கவா எங்க வூட்டுத் தண்ணியெல்லாம் இஸ்துக்கினு போறே? தரைய உடு, நாங்க ஆடறோம்."

"அடுத்த வருசமும் வாசனை வரலைன்னா எடுத்துக்கடா, போ!"

கோபத்தில் வந்த வாக்கு. குழாயடியே சாட்சி.

அதன் பிறகு அவருக்கு வேறு நினைப்பே இல்லை. பூசணி வேர் பூசணிக்குத்தான் உழைக்கும், கிர்ணிக்கு அதன் சொந்தத்திலேயே ஒரு வேர் வேண்டும் என்று தோன்றியது. ரயில் பாதை ஓரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே படர்ந்து கிடந்தது தும்மட்டி. எலுமிச்சை அளவுக் காய், நாக்கில் வைத்தால் கசப்பு. இலை மட்டும் அச்சாகக் கிர்ணியின் தங்கச்சி.

தை பிறந்ததும் சரோஜம்மா தும்மட்டி நாற்றின் தண்டைக் கீறி, அதில் கிர்ணி நாற்றைச் செருகிக் கட்டினார். அவர் புருஷன் சம்பங்கி பயந்துபோனார். "வேர்க் கசப்பு மேல ஏறிடும்மே."

"உங்கம்மா கசப்பு உன்கிட்ட ஏறிச்சா இன்னா? சும்மா இரு."

அறுபத்தெட்டு சித்திரையில் முதல் பழம் தானாகவே காம்பு விட்டது. சரோஜம்மா அறுத்து மூக்கருகே கொண்டுபோனார். வாசனை இருந்த மாதிரியும் இருந்தது, ஆசைதான் மணக்கிற மாதிரியும் இருந்தது. தோல் சீவித் துண்டு போட்டு, யாருக்கும் சொல்லாமல் சம்பங்கியின் டிபன் கேரியரில் வைத்தார். "மோந்து பாத்து நெசத்தைச் சொல்லுய்யா."

சம்பங்கிக்கு மூக்குப்பொடிப் பழக்கம். மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்று. சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் போய், சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து மோந்தால் ஒன்றுமே தெரியவில்லை. வீட்டில் போய் என்ன சொல்வது? திறந்த டப்பாவைப் பாறைமேல் வைத்துவிட்டுக் கவலையாக உட்கார்ந்துவிட்டார்.

கீழே காற்று ஒரே பக்கமாகத்தான் போகும். வெடிமருந்துப் புகையையும் வியர்வையையும் சுமந்தே பழகிய அந்தக் காற்று, அன்று ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது. சற்று நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு தலைவிளக்கு ஆடி ஆடி வந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. முதல் விளக்குக்கு அடியில் முனியப்பன்.

"இன்னா மாமா இது? அந்தக் கோடி வரைக்கும் தூக்குது!" கேட்கும்போதே ஒரு துண்டு வாயில். உடனே இன்னொன்று. "தேனு மாமா! பங்காருபேட்ட சந்தையில வாங்கினதா? நம்ம லைன்லயும் இருக்குதே ஒரு கிர்ணி, நாத்தம்கூட அடிக்காது. ஒரு துண்டு மிச்சம் வெச்சி அக்காகிட்டக் காட்டு. கிர்ணின்னா இன்னான்னு தெரிஞ்சிக்கட்டும்."

"காட்டறேன்பா" என்றார் சம்பங்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

சாயங்காலம் குழாயடியில், முனியப்பனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தார். சரோஜம்மா சிரித்த சிரிப்பில் நிரம்பிய குடத்தை யாரும் நகர்த்தவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"ஏமாத்திட்டீங்க!" என்றான் முனியப்பன்.

"யாருடா ஏமாத்துனது? உன்னைக் கூப்ட்டனா? உன் மூக்குதான் உன்னை இஸ்துக்கினு வந்துது."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரிக்கா, தரை உன்னுது. எங்கம்மாவுக்கு ரெண்டு வெதை குடு, வூட்டாண்ட போடறோம்."

"வெதை போட்டா கிர்ணி வரும், இந்த வேரு வராது. மறுபடி அழுவித்தான் போவும். வெதைக்குத் தும்மட்டிக் காய் பொறுக்கிக்கினு வா. தை பொறந்ததும் நானே ஒட்டுக் கட்டித் தர்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரிகுப்பம் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு பால் பேட்மிண்டன் டீம் முழுவதும், பனியனைத் தூக்கி மடித்துக் கூடையாக்கிக்கொண்டு, பாதை ஓரத்தில் குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தது. கேப்டன் மட்டும் ஒரு காயைக் கடித்துப் பார்த்துவிட்டு, துப்பிக்கொண்டே பின்னால் ஓடினான்.