குதிகாலைப் பார்த்துக் கடந்த மலை

தொண்ணூறுகளில் லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு பெற்றோல் செட்டில் வேலை செய்தேன். என் அகதி வழக்கு முடியவில்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வரமுடியாது. கூட வேலை செய்த சிவா அண்ணையிடம் பாஸ்போர்ட் இருந்தது. ஆல்ப்ஸ் மலையில் ஓடப் போவதாகச் சொல்லி, ஓட்டப் பாதைகளின் வரைபடத்தை விரித்தார்.

“அண்ணை, இந்தக் கணவாயாலதான் ஏஜென்சிக்காரன் எங்களைக் களவாக் கூட்டிக்கொண்டு வந்தவன்.”

“அப்ப நீ முந்தியே ஓடி முடிச்சிட்டாய். மெடல் எங்கையடா?”

சிரித்தேன். ஆனால் அன்று பிடிபடும் பயத்தில் முன்னால் போனவனின் குதிகாலை மட்டுமே பார்த்து நடந்திருந்தேன். ஒருமுறை நிமிர்ந்து பார்க்க ஆசையாக இருந்தது.

அடுத்த கிழமை அங்கிருந்து போன் எடுத்தார்.

“மேலை ஏறிப்போட்டு வாறன். பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சள் பூவடா!”

“சொல்லுங்கோ அண்ணை.”

காசு போடும் போனில் சில்லறை தீரும்வரை சொன்னார். பெற்றோல் செட்டின் கண்ணாடிக் கூண்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

பிறகு எனக்கும் பாஸ்போர்ட் கிடைத்து, எத்தனையோ நாடுகள் அலைந்துவிட்டேன். அன்று கேட்டதைப்போல எதையும் பார்த்ததில்லை.