கரண்ட் போன பிறகும் ஓடிய டிஸ்க்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இந்தத் தீவில், ஷாதிபூரில், பல வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், என் கைக்கு வந்த டிஸ்கில் ஒரு போட்டோகூடத் தொலைந்ததில்லை, அதைக் கர்வமாகவே சொல்வேன். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன், நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம்.

எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரியில் பிலோமினா அக்கா வந்தார். கையில் ஒரு பழைய ஹார்டு டிஸ்க், இறந்துபோன அவர் கணவர் அந்தோணி அண்ணனின் கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் இரண்டு பார்ட்டிஷன், ஒரே டிஸ்கை நடுவில் தடுத்து இரண்டு அறையாக்கியது போல. முதலாவதில் யாருக்கும் வேண்டாத பழைய சிஸ்டம் ஃபைல்கள், இரண்டாவதில் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அண்ணன் எடுத்த வீடியோக்கள். அண்ணனின் குரல் மிச்சமிருப்பது அதில் மட்டும்தான். மகள் மறுநாள் நர்சிங் படிக்க மெயின்லேண்ட் போகிறாள், இரண்டையும் ஒன்றாக்கிக் கொடுத்தால் அப்பாவின் வீடியோவும் அவளோடு போகும், பாடங்களை வைக்கவும் இடம் கிடைக்கும் என்றார்.

முதல் பார்ட்டிஷனை அழித்துவிட்டு இரண்டாவதை அப்படியே முன்னால் நகர்த்த வேண்டும். நடுவில் நின்றால் எல்லாம் போச்சு. காப்பி எடுக்கக் காலி டிஸ்க் இல்லை, கரண்ட் போனால் தாங்குகிற யூபிஎஸ் பேட்டரியும் செத்துக் கிடந்தது, இரண்டும் வரவேண்டிய கப்பல் இன்னும் வந்தபாடில்லை. "அடுத்த வாரம் பண்ணலாங்க்கா" என்றேன்.

"அரே தம்பி, நாளைக்குப் பிள்ள போயிருவா. ஒன் கைய நம்பித்தான வந்திருக்கேன், நீ செய்யி."

கையைப் புகழ்ந்தால் நான் காலி. டிஸ்கை மேஜை மேலேயே வைத்து, வயர் மாட்டி ஆரம்பித்துவிட்டேன்.

பாதி தாண்டியதும் கரண்ட் போனது. ஸ்கிரீன் இருண்டது, ஃபேன் நின்றது. அந்த மனுஷனின் குரலை அழித்துவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. வயரைக் கழற்ற டிஸ்க் மேல் கை வைத்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அது ஓடிக்கொண்டிருந்தது! கரண்ட் போனால் சில நொடிகளில் சுழற்சி நின்றுவிடும், இது நிற்கவே இல்லை, அதிர்வு உள்ளங்கையில் நன்றாகத் தெரிந்தது.

"அக்கா, தொட்டுப் பாருங்க."

தொட்டார். துளிகூடப் பயப்படவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டாளு திருவிழாவுக்கெல்லாம் ஜெனரேட்டர் ஓட்டுனவரு தம்பி. அவரு நிக்கிற எடத்துல கரண்டு போயி ஒரு வேலையும் நின்னது கெடையாது. நீ சும்மா இரி."

அக்கா செபமாலையை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விட்டார். நான் கையை எடுக்கவில்லை. வெளியே மழை கொட்டியது. வெகுநேரம் கழித்துக் கரண்ட் வந்தது, கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன், ஒரே பார்ட்டிஷன், எல்லா வீடியோக்களும் பத்திரமாக இருந்தன. ஒன்றை ஓடவிட்டேன். "பாப்பா, அப்பாவப் பாரு" என்று அண்ணனின் குரல் வந்ததும் அக்கா வாய்விட்டு அழுதார்.

அந்த வேலைக்காக இன்றும் ஊரில் யார் பாராட்டினாலும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. ட்யூப்லைட் எரிந்த அந்த நொடியில் என் கைக்கு அடியில் டிஸ்க் நின்றது. லைன் கரண்ட் வந்துவிட்டதைப் பார்த்துவிட்டு யாரோ ஜெனரேட்டரை அணைத்தது போல, நிதானமாக நின்றது. அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் அதைப் புதிதாகச் சுழற்ற ஆரம்பித்தது.