உட்கார்ந்திருந்த பிள்ளை

டாக்குரியாவில் எங்கள் வீட்டின் கீழ்த்தள முன்னறையில்தான் நான் வேலை செய்கிறேன். பிசியோதெரபி படித்தவள். வயிற்றில் குழந்தையின் தலை கீழே வராமல் மேலேயே தங்கிவிட்ட கர்ப்பிணிகளை டாக்டர்கள் சிலர் என்னிடம் அனுப்புவார்கள். குழந்தையைப் பிடித்துத் திருப்புவது என் வேலை அல்ல. அது ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்ய வேண்டியது. நான் இடுப்பிலும் முதுகிலும் இறுகிக் கிடப்பதை மெல்லத் தளர்த்திக் கொடுப்பேன். அந்த இளக்கத்தில் சில குழந்தைகள் தானாகத் திரும்பும், பல திரும்பாது. வருகிறவர்களிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுவேன்.

துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அவள் வந்தாள். ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்தது, தலைப்பிரசவம். லேக் மார்க்கெட் பக்கம் அவள் கணவர் சின்ன டிபன் கடை வைத்திருந்தார். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வங்காள மொழி சுத்தமாக வராது. நானோ அப்பாவின் துறைமுக வேலையால் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். என் தமிழ் வீட்டுக்குள் பேசும் தமிழ். அதைக் கேட்டதுமே அவள் முகம் தெளிந்துவிட்டது.

"பிள்ள உக்காந்துருக்காம்க்கா. இப்படியே இருந்தா வயித்தக் கிழிச்சுதான் எடுக்கணுமாம். எங்க அக்காவுக்கு அப்படித்தான் எடுத்தாவ. தையல் மாசக்கணக்கா ஆறல. சீழ் வச்சு, அவ பட்ட பாட்டப் பக்கத்துல இருந்து பாத்தவ நான்."

"எல்லாருக்கும் அப்படி ஆகாது" என்றேன். அவள் தலையாட்டினாள், நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று அவளைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்து, முதுகின் அடிப்பகுதியில் கை வைத்துக் காத்திருந்தேன். என் வேலையில் பாதி இந்தக் காத்திருப்புதான். பயந்த உடம்பு தொட்டதும் இளகாது. பிறகு இடுப்புக்கு அடியில் மெல்லிய துணியை விரித்து, இரு முனைகளையும் பிடித்து, தொட்டில் ஆட்டுவதைவிட மெதுவாக அசைத்தேன். குழந்தை ஒருமுறை விலா எலும்புக்கடியில் தலையை உருட்டியது. அவள் சிரித்தாள். இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன்.

மறுமுறை கடையில் காலைக் கூட்டம் முடிந்ததும் கணவர் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அவள் படுத்தாள். நான் வயிற்றின் மேல் கையை வைத்தேன்.

வைத்த உடனே வித்தியாசம் தெரிந்தது. முன்பு வயிறு ததும்பி இருந்தது. குழந்தையைத் தொட்டால் மிதந்து விலகும். இன்று அதன் முதுகும் தலையும் என் உள்ளங்கைக்கு மிக அருகில் இருந்தன. ஈரத்துணியைச் சுற்றிவைத்த மாதிரி வயிறு குழந்தையோடு ஒட்டியிருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

"கீழ தண்ணி போற மாதிரி ஏதாவது இருந்ததா?"

அவள் யோசித்தாள். "நேத்துலேர்ந்து பாவாட நனையுதுக்கா. ஒண்ணுக்குதான் அடக்க முடியாமப் போவுதுன்னு நெனச்சேன். வெக்கமா இருந்துச்சு, யார்ட்டயும் சொல்லல."

"குழந்தை ஆடுதா?"

"காலைலேர்ந்து தூங்குதுன்னு நெனைக்கேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. தலை கீழே இருக்கும் குழந்தை என்றால், நீர் உடைந்தாலும் தலையே மூடிபோல வழியை அடைத்துக்கொள்ளும். உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கீழே இடைவெளி உண்டு. தொப்புள்கொடி அதன் வழியாக வெளியே நழுவி நசுங்கிவிட்டால் குழந்தை பிழைக்க அவகாசமே கிடையாது. அவள் எழுந்து நிற்கக்கூட நான் பயந்தேன்.

"எழுந்திருக்காத. இடது பக்கமாத் திரும்பிப் படு" என்று சொல்லி அறையில் இருந்த தலையணைகளையெல்லாம் இடுப்புக்கடியில் அடுக்கினேன். அவளுடைய டாக்டரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சுருக்கமாக "நியே எஷோ" என்றார். கூட்டிக்கொண்டு வா என்று. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். மாடி வீட்டு அண்ணன், நாங்கள் தாதா என்று கூப்பிடுபவர், தன் காரை எடுத்தார். நாங்கள் இருவரும் அவளை ஒரு போர்வையோடு தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தோம்.

"என்னாச்சுக்கா? எதுக்கு இப்படித் தூக்குறிய?"

"நீர் கொஞ்சம் போயிருக்கு. டாக்டர் பார்த்துடட்டும்."

தெருவெங்கும் பந்தலுக்கு மூங்கில் கட்டியிருந்தார்கள். பாதித் தெருவை அதுவே எடுத்துக்கொண்டது. கடியாஹாட் பக்கம் துணி வாங்க வந்த கூட்டம். தாதா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் சீட்டுக்கும் முன்னிருக்கைக்கும் நடுவே மண்டியிட்டு, அவள் இடுப்பு தாழாமல் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றில் வைத்திருந்தேன். எதுவும் அசையவில்லை. அன்று துணியால் அசைத்தேனே, அதனால்தானா? ரொம்ப மெதுவாகத்தானே அசைத்தேன். மெதுவாகத்தானா? என் கையே எனக்கு நினைவில் இல்லை.

"அக்கா, பிள்ள ஆடுதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்குத் தெரியல. நீ அப்படியே படுத்திரு."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தார்கள். உள்ளே நர்ஸ் இதயத்துடிப்புக் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினாள். வெறும் இரைச்சல். இன்னும் நகர்த்தினாள். படுத்திருந்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேல்பக்கம், விலாவுக்கருகில், அது கேட்டது. இருக்கிறது. ஆனால் தடுமாறித் தடுமாறி வருகிறது. டாக்டர் பரிசோதித்துவிட்டு நிமிர்ந்தார். கொடி இன்னும் வெளியே வரவில்லை என்றும் இனி காத்திருக்க முடியாது என்றும் என்னிடம் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"கிழிக்கவா போறாவ?"

"ஆமா. இப்பவே."

"நீங்க உள்ள வருவியளா?"

என்னை உள்ளே விடவில்லை. கதவு மூடும்வரை அவள் தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

போனில் வரச் சொல்லியிருந்த கணவர் கடை உடுப்போடு ஓடிவந்தார். மாவு காய்ந்த கைகள். "என்ன பண்ணுனிய?" என்று கேட்டார். என்ன நடந்தது என்றுதான் கேட்டிருப்பார். நான் என் கைகளைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கதவு திறக்கும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.

பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லையாம். முதுகைத் தேய்த்து மூச்சு வரவைத்த பிறகு அழுததாம். நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது கால்கள் இரண்டும் மடங்காமல் நேரே முகத்தை நோக்கி நீட்டியிருந்தன. வயிற்றுக்குள் இருந்த இருப்பையே வெளியேயும் விடவில்லை.

மறுநாள் பார்க்கப் போனேன். டாக்டர் நடைபாதையில் நிறுத்தி, நீர் தானாக உடைவது சகஜம், நீ அசைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அவர் சொன்னது சரி என்று படிப்பு சொல்கிறது. முழுசாக நம்ப எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அவள் களைத்துப் படுத்திருந்தாள். தையல் இழுக்கிறது என்றாள். பிறகு குழந்தையின் துணியை விலக்கி, "இந்தக் கால் இப்படியே இருந்துருமாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. கொஞ்ச நாள்ல தானா இறங்கிடும். இடுப்பை மட்டும் டாக்டர்கிட்ட ஒருதரம் பார்த்துக்கோ."

"நீங்க கொஞ்சம் புடிச்சு விடுங்களேன்."

நான் கையை நீட்டினேன். தொடும் முன்பே நிறுத்தினேன். துணியை மட்டும் இழுத்து மூடிவிட்டு, "இப்ப வேணாம், தூங்கட்டும்" என்றேன்.

அந்தப் பூஜை முழுக்க முன்னறையைத் திறக்கவில்லை. அது முடிந்து சில நாளில் வரும் லட்சுமி பூஜைக்கு மறுநாள் பாலிகஞ்சிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய குழந்தையும் உட்கார்ந்திருந்தது. அவளைப் படுக்கச் சொல்லும் முன்பு வெட்கப்படாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தேன். பிறகு கைகளை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கினேன். வயிற்றில் வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.