தாப்பாப் பாலத்தில் என் நாக்கு புரளவில்லை

முருகனடியார்களே, முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது மரியாதை. வேண்டுதல் பலித்த பிறகு மொட்டை போடுவதுதான் எல்லாருக்கும் வழக்கம். நான் பலிக்கும் முன்பே போட்டுக்கொண்டவன்.

"அண்ணே, காரியம் முடியட்டும்லா. முருகன் எங்க ஓடிடப் போறாரு?" என்று நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவரு ஓட மாட்டாரு. நான்தான் ஓடிடுவேன். நீங்க சிரைங்க."

தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அழுதுகொண்டிருந்த என் மனைவி பாக்கியம் ஒரு கணம் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு இன்னும் அதிகமாக அழுதாள்.

அவள் அழுததற்குக் காரணம் என் தலை மட்டும் அல்ல. 1943, சித்திரை மாதம். ஈப்போவில் ஜப்பான்காரன் ஆட்சி. எங்கள் ஒரே மகள் வள்ளிக்கு நான்கு வயது. குளிர்காய்ச்சல் அவளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கத் தேடியும் கொயினா மாத்திரை கிடைக்கவில்லை. வேப்பிலைக் கஷாயம் கொடுத்தோம். திருநீறு பூசினோம். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். நான் கோணங்கித்தனம் செய்து காட்டியும் அவள் சிரிக்காதபோதுதான் எனக்குப் பயம் வந்தது. ஊரை ஒட்டிய குன்றில் இருக்கும் முருகன் குகைக் கோயிலில் போய் விழுந்தேன். "பிள்ளையைக் கொடு. மற்றதெல்லாம் உன் இஷ்டம்" என்றேன். வேறு பிரார்த்தனை எனக்குத் தெரியாது.

பாக்கியத்தின் அண்ணன் பீடோர் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் வேலை. அவர் சொல்லி அனுப்பிய செய்தி வந்தது: "கொஞ்சம் மாத்திரை ஒளிச்சு வச்சிருக்கேன். ஆள் கையில குடுத்தா வழியில பிடுங்கிடுவான். பிள்ளையத் தூக்கிட்டு வாங்க."

ரயிலில் சிப்பாய்களுக்குத்தான் இடம். என் வாடகைக் காரை ஜப்பான்காரன் எப்போதோ எடுத்துக்கொண்டான். பால்காரர் ஒருவர் இரங்கி மாட்டு வண்டியைக் கொடுத்தார். கார் ஓட்டியவனுக்கு மாடு என்ன பிரமாதம் என்று ஏறி உட்கார்ந்தேன். முதல் இறக்கத்திலேயே பிரேக்கைத் தேடி வலது காலால் பலகையை மிதித்தேன். மாடு திரும்பிப் பார்த்தது. இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் தகராறு இல்லை.

அந்தச் சாலையில் எத்தனையோ முறை கார் ஓட்டியிருக்கிறேன். அங்கே மலை இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கோப்பெங் தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகள் இடுப்பளவு பனியில் நின்றன. பழைய ஈயக் குட்டைகளில் வானம் கிடந்தது. ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விட்டிருந்தன. பால் வெட்ட ஆளில்லாமல் அவையும் சும்மா நின்றன. இத்தனை அழகுக்கு நடுவே, வண்டியில் பாக்கியத்தின் மடியில் பிள்ளை கொதித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவையும் படைத்தவனுக்கு ஒரு காய்ச்சலை இறக்கத் தெரியாதா என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன்.

வழியில் காவல் சாவடிகள். குனிந்து வணங்காவிட்டால் கன்னத்தில் அறை விழும். எனக்கு அப்போது ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இடுப்பு ஒடியக் குனிவேன். முகத்தில் தேன் வழிய, தமிழில், "நாசமாப் போறவனே, நல்லாருக்கியா?" என்பேன். கோப்பெங்கிலும் சொன்னேன். சிப்பாய் தலையாட்டி வழிவிட்டான்.

"பிள்ளைய வச்சுக்கிட்டு இது தேவையாங்க?" என்றாள் பாக்கியம்.

"அவனுக்கென்ன தமிழா தெரியும்?"

அவள் பிள்ளையை மடியில் சேர்த்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

கம்பாரில் ஒரு கடை வாசலில் இரவைக் கழித்துவிட்டு மறுநாள் புறப்பட்டோம். தாப்பாவுக்கு முன்னால் ஒரு பாலம். அங்கே ஒரு லாரி நின்றது. அதில் நம் ஆட்கள், என் வயதுக்காரர்கள், தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. அங்கே போனவர்கள் யாரும் அதுவரை திரும்பியதாகக் கேள்விப்பட்டதில்லை. வண்டியைத் திருப்ப வழியில்லை. என்னைப் பிடித்துக்கொண்டால் மாட்டையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பாக்கியம் என்ன செய்வாள்?

குனிந்தேன். பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது.

அப்போது மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "எந்த ஊரு? எங்க போற?"

தமிழ். சிப்பாய்க்குப் பேச்சை மாற்றிச் சொல்ல நம்மவர் ஒருவரை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். நான் வழக்கமான அர்ச்சனையைச் செய்திருந்தால் அவர் கேட்டிருப்பார். பக்கத்தில் நின்ற சிப்பாயின் கையில் கத்தி பொருத்திய துப்பாக்கி இருந்தது.

"ஏய், உன்னத்தான். ஊமையா நீ?"

எனக்கு அப்போதும் பேச்சு வரவில்லை. பாக்கியம்தான் பேசினாள். "ஊமை இல்லண்ணே. பிள்ளைக்குக் காய்ச்சல், பொழைக்கணும்னு மொட்டை போட்டிருக்காரு. பீடோர்ல எங்கண்ணன்கிட்ட மருந்துக்குப் போறோம்."

அவர் என் சந்தனத் தலையைப் பார்த்தார். சிப்பாயிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிப்பாய் வந்து வள்ளியின் நெற்றியைத் தொட்டான். சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். போ என்று சைகை காட்டினான்.

"நில்லாம போயிடு," என்றார் நம்மவர்.

எங்களுக்குப் பின்னால் சைக்கிளில் வந்த இளைஞனை இறக்கி லாரியில் ஏற்றினார்கள். அவன் சைக்கிள் சாலையோரத்தில் கிடந்தது. அவன் வீட்டிலும் யாரோ வேண்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வேண்டுதல் என்ன ஆயிற்று என்று முருகனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தினமும் விளக்கேற்றும்போது என் பிள்ளைக்குப் பிறகு அந்தப் பையனுக்காகவும் கும்பிடுகிறேன்.

பொழுது சாயும்போது தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மச்சான் மாத்திரையைப் பொடித்து வெல்லத்தில் வைத்துக் கொடுத்தார். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. வள்ளி எழுந்து உட்கார்ந்து என் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இன்னொரு மொட்டைகூடப் போடலாம்.

அன்றோடு அந்தப் பழக்கம் போயிற்று. பயத்தால் என்று சிலர் சொல்வார்கள், பாதி உண்மை. மீதிப் பாதி, என்னைக் காப்பாற்றியது என் சாமர்த்தியம் அல்ல என்று தெரிந்துகொண்டது. அன்பர்களே, சரியாக வேண்டத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். என்னைப்போல முன்னுக்குப்பின் செய்தாலும் போய் நில்லுங்கள். கேட்கிறவன் கேட்டுக்கொள்வான்.

பாலத்தில் என்னைக் காத்தது என் மொட்டைதான் என்று இத்தனை வருஷமும் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். இதை எழுத உட்கார்ந்தபோதுதான், வண்டியில் கண்ணை மூடி நீ என்ன வேண்டிக்கொண்டாய் என்று பாக்கியத்திடம் முதல்முறையாகக் கேட்டேன்.

"உங்க வாயக் கட்டச் சொன்னேன்."