மைனஸ் நாற்பது

என் மனைவி பீர்மேட்டுக்குப் போய் எட்டு மாதம். அங்கே தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில், மாமனார் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். பார்க்க வேறு ஆளில்லை. பஸ்ஸில் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்துவிட்டு வருவது வேறு, கூட்டிக்கொண்டு வருவது வேறு. படுத்த மனிதரை பஸ்ஸில் ஏற்ற முடியுமா? என் வேனில் மெத்தை போட்டால் இருவரையும் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் எலப்புள்ளிக்கே கொண்டுவந்துவிடலாம்.

அப்படித்தான் கிளம்பினேன். கோபாலபுரம், பொள்ளாச்சி, கம்பம் வரை ஒழுங்காக வந்த வேன், குமுளி ஏற்றத்தில் எஞ்சின் விளக்கு எரிந்து இழுவையை விட்டது. ஜீப்காரர்கள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனார்கள். மெக்கானிக்கான என்னை என் வண்டியே திருப்பி அனுப்பியது. ஆத்திரத்தில் டயரை உதைத்தேன், கால்தான் வலித்தது.

ஊர் திரும்பி, என் பட்டறையில் வண்டிக்கு ஸ்கேனரை மாட்டினேன். புகைக்குழாயின் சூட்டை அளக்கும் சென்சாரில் கோளாறு என்றது. யோசிக்காமல் புதுசு வாங்கி மாட்டினேன். விளக்கு அணையவில்லை.

"ஏனுங்க, எருதுக்கு நோவுன்னா கொட்டாய்க்குச் சூடு போட்டீங்களாக்கும்? ஊட்டுக்காரம்மா நெனப்புலயே வேலை பாத்தா இப்படித்தானுங்க," என்று சிரித்தார் பட்டறைக் கூட்டாளி.

"அவ நெனப்புலயே இருந்துட்டுப் போறேன், உங்களுக்கென்னங்க?" என்று எரிந்து விழுந்தேன். அவர் சொன்னதில் பொய்யில்லை.

ஸ்கேனர் காட்டிய சூட்டின் அளவை மறுபடி பார்த்தேன். எஞ்சின் ஆறியிருந்தபோது மைனஸ் நாற்பது டிகிரி. அரைமணி ஓடி, குழாய் கொதித்தபோதும் மைனஸ் நாற்பது. பாலக்காட்டு வெயிலில்! சென்சார் பிளக்கைக் கழற்றி, வண்டிப் பக்கத்து இரண்டு ஒயர்களையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தேன். ஒயர் நன்றாக இருந்தால் எண் உச்சிக்கு ஏறவேண்டும். அசையவில்லை. விரலால் ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். கிளிப் பக்கத்தில் ஓரிடம் தொளதொளவென்று மடங்கியது. மேல்தோல் முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்துபோயிருந்தது.

புது ஒயர் சேர்த்ததும் எண் ஏறியது. நூறு, இருநூறு. சந்தோஷப்பட வேண்டியவன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தினமும் மதியம் போனில் கேட்பேன், "எப்படி இருக்கே புள்ள?" என்று. "நல்லாத்தான் இருக்கேன்," என்பாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் அதே. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. லயத்துக் கூரை ஒழுகிய நாளிலும் அதே. எட்டு மாதமாக ஒரே பதில். நானும் நம்பிப் போனை வைத்திருக்கிறேன், கழுதை!

அன்று எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "வண்டி சரியாயிருச்சு. நாளைக்கு வந்து உன்னையும் மாமனையும் கூட்டிட்டு வந்தர்றேன். நீயில்லாம ஊடு ஊடாட்டமே இல்ல புள்ள," என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"மலைரோடு. மெல்ல வாங்க," என்றாள் கடைசியில். பிறகு அவசரமாக, "ரொம்ப மெல்ல வேண்டாம்."