பூங்கோதையின் முன் சீட்டு

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?"

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் கலியமூர்த்தியின் காரைப் பார்க்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். "பதினெட்டு" என்பார் கலியமூர்த்தி. கேட்டவரின் புருவம் மேலே ஏறும். அதைப் பார்க்கும் ஒரு கணம் மட்டும் அவர் முகத்தில் வெளிச்சம் வரும். மற்ற நேரங்களில் அந்த முகத்தில் களைப்பைத் தவிர வேறெதையும் யாரும் பார்த்ததில்லை.

ஐம்பத்தேழு வயது. மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். கடலூர்ப் பக்கத்துக்காரர், டெல்லிக்கு வந்து முப்பது வருஷமாகிவிட்டது. இரண்டாயிரமாவது வருஷம், வெளிநாடு போன அதிகாரி ஒருவரிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். இரண்டே வருஷம் ஓடியது, சாம்பல் நிறம், நான்கு கதவு, பின்னால் பெரிய டிக்கி. அவருடைய சேமிப்பு போதவில்லை என்று தெரிந்ததும், மனைவி பூங்கோதை ஒரு வார்த்தை பேசாமல் கையிலிருந்த வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். அம்மா போட்டு அனுப்பிய வளையல்கள். கழற்றிய இடத்தில் கை வெளுத்துக் கிடந்தது.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. ஒரு நாள் ஒங்க பக்கத்துல முன்னாடி ஒக்காந்து போவணும். அவ்ளோதான்" என்றாள்.

இவ்வளவு சிறிய ஆசைக்கு ஆறு வருஷம் காத்திருக்க வேண்டிவரும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

வண்டிக்குப் பூஜை போட மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போன முதல் நாளிலேயே அது ஆரம்பித்தது. காரைப் பேசி முடித்துக் கொடுத்த சேஷன் சாரும் கூட வந்தார். பெரியவர், அவரைப் பின்னால் உட்கார வைக்க முடியுமா? முன் கதவைக் கலியமூர்த்தியே திறந்துவிட்டார். தேங்காயும் எலுமிச்சம்பழமும் வைத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு பூங்கோதை பின்னால் உட்கார்ந்தாள். "அடுத்த தடவ முன்னாடி ஒக்காந்துக்க" என்றார் கணவர்.

அடுத்த தடவை வரவே இல்லை. கலியமூர்த்தி ஆபீசுக்குப் போனது ஆபீஸ்காரர்கள் சேர்ந்து அமர்த்திய சார்ட்டர்ட் பஸ்ஸில். சரோஜினி நகர் மார்க்கெட் நடக்கிற தூரம். இரண்டு பேருக்காக யாராவது வண்டி எடுப்பார்களா? அந்தக் கார் ஷெட்டை விட்டு வெளியே வந்ததெல்லாம் பிறத்தியாருக்காகத்தான். சென்னை ரயில் காலை ஏழு மணிக்கு புது டெல்லி ஸ்டேஷனுக்கு வரும். அதில் யாருடைய மாமனாரோ, யாருடைய சித்தப்பாவோ வந்து இறங்குவார்கள். முந்தின நாள் கலியமூர்த்திக்குப் போன் வரும். "ஒங்க வண்டிதான் பெட்ரோலே குடிக்காதே சார். டிக்கியும் பெருசு." அவருக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. விடியும் முன்பே எழுந்து, துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்புவார். வருகிறவர் முன் சீட்டில். பூங்கோதை கூடப் போனால் பின் சீட்டில், பைகளோடு. அதுதான் முறை. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

பதினெட்டு சும்மா வந்துவிடுமா? சிவப்பு விளக்கில் இன்ஜினை அணைத்துவிடுவார். பாலத்தின் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிடுவார். ஏசியைத் தொடமாட்டார். மே மாதத்தில் தார் ரோடு உருகும்போதும் ஜன்னலை இறக்கிவிட்டு, அனல் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுவார். விருந்தாளி வந்தால் மட்டும் ஏசி ஓடும். அந்தக் குளிர்ந்த காற்றும் முன்னால் இருக்கிறவர் முகத்தில்தான் அடிக்கும், பின் சீட்டுக்கு வந்து சேராது. பூங்கோதை முந்தானையால் விசிறிக்கொண்டு, முன்னால் இருப்பவரின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வருவாள். ஆறு வருஷத்தில் எத்தனை பின்னந்தலைகள்!

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், மே மாதத் தொடக்கம். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் பூங்கோதை. இடது இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். கலியமூர்த்தி ஆஸ்பத்திரி நாற்காலியில் பதினைந்து நாள் தூங்கினார், அதைத் தூக்கம் என்று சொல்ல முடிந்தால். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வந்த பஞ்சாபி டாக்டர், சின்னப் பையன், விரலை ஆட்டி எச்சரித்தான்.

"ஆண்ட்டி கோ ஆகே பிட்டாயியே, அங்கிள். பீச்சே பில்குல் நஹி."

முன்னால்தான் உட்கார வேண்டும். சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, சாய்த்து, காலை நீட்டியபடி. பின் சீட்டில் இடுக்கி உட்கார்ந்தால் வைத்த கம்பி நகர்ந்துவிடலாம்.

டாக்டர் போனதும் பூங்கோதை சிரித்தாள். பதினைந்து நாளில் முதல் சிரிப்பு.

"இடுப்பு ஒடஞ்சாதான் முன் சீட்டுன்னு தெரிஞ்சிருந்தா, எப்பவோ ஒடச்சிக்கிட்டிருப்பனே."

கலியமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. சம்பந்தி பரமசிவம். மகள் இளவரசியின் மாமனார்.

"சம்பந்தியம்மாவ பாக்க வரேன். வெள்ளிக்கெழம காலைல வண்டி. அப்படியே ஹரித்வாரும் போய்ட்டு வந்துடலாம்னு இருக்கேன். ஸ்டேஷனுக்கு வந்துடுவீங்கல்ல?"

"வந்துடறேன் சம்பந்தி" என்றார் கலியமூர்த்தி. வேறென்ன சொல்ல முடியும்? மூன்று வருஷத்துக்கு முன் நடந்ததை அவர் எப்படி மறப்பார்? கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக் காரின் முன் சீட்டில் கலியமூர்த்தியின் தாய்மாமன் ஏறி உட்கார்ந்துவிட்டார். பரமசிவம் பின்னால் வேனில் வரவேண்டியதாயிற்று. அந்த ஒரு சீட்டுக்காக, ஆடிச் சீரோடு போனவர்களை வாசலிலேயே நிற்க வைத்தார். இளவரசியைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. மூன்று மாதம் போனில் கூடப் பேச விடவில்லை. அந்த மூன்று மாதமும் பூங்கோதை போன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தாள்.

ஏழு மணிக்கு ரயில், பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி. சம்பந்தியை வீட்டில் இறக்கிவிட்டு நிதானமாகப் போகலாம் என்று கணக்குப் போட்டார். விதி வேறு கணக்குப் போட்டது. ரயில் மூன்றரை மணி நேரம் லேட். பிளாட்பாரத்தில் உட்காரவும் இடமில்லாமல், தூணில் சாய்ந்து நின்றுகொண்டே கண்ணயர்ந்தார் கலியமூர்த்தி.

பத்தரைக்கு வந்து இறங்கினார் பரமசிவம், அரிசி மூட்டை, பலாப்பழம், நல்லெண்ணெய் டின் சகிதம். டிக்கி நிரம்பியது. முன் சீட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "அப்பாடா! என்னா வெயிலு சம்பந்தி ஒங்க ஊர்ல! ஏசியப் போடுங்க" என்றார்.

பன்னிரண்டுக்குள் படுக்கையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குப் போக நேரமில்லை. நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருந்தாள் பூங்கோதை. பக்கத்தில் மருந்துப் பையும் தலையணையுமாகக் கீழ்வீட்டு ராஜி மாமி.

"எவ்ளோ நேரம் சார்! நர்ஸ் நாலு தரம் வந்து ஜல்தி ஜல்திங்கறா" என்று படபடத்தாள் ராஜி.

பரமசிவம் இறங்கி வந்தார். "எப்படி இருக்கு சம்பந்தியம்மா? பாத்து நடக்கக் கூடாதா?" என்று விசாரித்தார். அவருடைய குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். விசாரித்து முடித்தார். பிறகு பழக்கம் போல முன் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, குளிர் வெளியே போகாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

கலியமூர்த்தி அப்படியே நின்றார். இறங்கச் சொன்னால் இளவரசி என்ன ஆவாள்? சொல்லாவிட்டால் இவள் என்ன ஆவாள்?

அவர் முகத்தைப் படித்துவிட்டாள் பூங்கோதை. முப்பது வருஷமாகப் படித்த முகம்.

"நான் பின்னாடியே ஒக்காந்துக்கறேங்க. கொஞ்ச தூரந்தானே."

"என்ன சொல்றேள் நீங்க? டாக்டர் தலபாடா அடிச்சுண்டாரே!" என்றாள் ராஜி.

"சும்மா இருங்க மாமி. எம்பொண்ணு அங்க வாழணும்."

பின் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலது கால் உள்ளே போனது. இடது காலை மடக்கிய கணத்தில் அவள் உதட்டைக் கடித்தாள். சத்தம் வரவில்லை. உதட்டிலிருந்து ரத்தம்தான் வந்தது.

கலியமூர்த்தி அவளை இடுப்போடு தாங்கி மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு முன்பக்கம் போய், தன் சொந்தக் காரின் கண்ணாடியை, அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போல, இரண்டு முறை தட்டினார்.

கண்ணாடி இறங்கியது. "என்ன சம்பந்தி, கெளம்பலாமா?"

"எறங்குங்க சம்பந்தி."

"எதுக்கு?"

"அது பூங்கோத சீட்டு."

குரல் நடுங்கியது. ஆனால் வந்துவிட்டது. ஆறு வருஷமாக வராத மூன்று சொற்கள், அவ்வளவுதான். பரமசிவத்தின் முகம் கறுத்தது. அவர் கலியமூர்த்தியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பூங்கோதையின் உதட்டைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் பின்னால் போனார்.

சீட்டைக் கடைசி வரைக்கும் தள்ளி, சாய்த்து, தலையணை வைத்து, பூங்கோதையை உட்கார வைத்தார்கள். கார் கிளம்பியது.  பின் சீட்டில் பரமசிவத்துக்குப் பக்கத்தில் ராஜி மாமி மருந்துப் பையோடு ஒடுங்கிக்கொண்டாள்.

குளிர்ந்த காற்று பூங்கோதையின் நெற்றியில் அடித்தது. நெற்றியில் ஒட்டியிருந்த நரைமுடி அசைந்தது. இதுதானா அது என்பது போலக் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, காற்று வரும் துவாரத்தைக் கையால் நடுப்பக்கம் திருப்பிவிட்டாள், பின்னால் இருக்கிறவர்களுக்குப் போகட்டும் என்று. கலியமூர்த்தி கையை நீட்டி அதைத் திரும்ப அவள் பக்கமே திருப்பினார்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவர் கை வழக்கம் போலச் சாவிக்குப் போனது.

"அணச்சிடுங்க, பரவால்ல. மைலேஜ் கொறஞ்சிடும்" என்றாள்.

"கொறையட்டும்."

சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நூற்றிருபது வினாடி. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இங்க காத்தே வரலையே சம்பந்தி?"

"வராதுண்ணே" என்றாள் பூங்கோதை கண்ணைத் திறக்காமல். "ஆறு வருஷமா வரல."

பரமசிவம் இரண்டு நாள் தங்கினார். சாப்பிட்டார், பேப்பர் படித்தார். ஹரித்வார் பஸ்ஸுக்குக் காரில் கொண்டுவிடுகிறேன் என்று கலியமூர்த்தி சாவியை எடுத்தபோது, "ஆட்டோ போதும்" என்று கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து கலியமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் திடுக்கிட்டார், அடிக்காவிட்டால் வெறித்துப் பார்த்தார். பூங்கோதையும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவரும் அதே மூன்று மாதத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் வாரம், சனிக்கிழமை மத்தியானம், இளவரசி பேசினாள்.

"அப்பா, மாமாகிட்ட என்ன சொன்னீங்க? டெல்லிலேருந்து வந்ததுலேருந்து உம்முன்னே இருக்காரு."

கலியமூர்த்தி ரிசீவரை இறுக்கிப் பிடித்தார்.

"நேத்து வாடகைக் கார் எடுத்துகிட்டு சிதம்பரம் போனோம். அத்தைய முன்னாடி ஒக்காருன்னுட்டாரு. அத்த பயந்துட்டாங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. 'ஒக்காருன்னா ஒக்காரு'ன்னு ஒரே சத்தம். பின்னாடி ஏறி, சிதம்பரம் வரைக்கும் காத்து வரல காத்து வரலன்னு எங்கள திட்டிக்கிட்டே வந்தாரு."

கலியமூர்த்தி ரிசீவரை வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா தூங்குகிறாரா என்று கட்டிலில் இருந்த பூங்கோதைக்குத் தெரியவில்லை. அவர் எழும் வரை அவள் கூப்பிடவும் இல்லை.

திங்கட்கிழமை மறுபடி போன். மயூர் விஹார் மாணிக்கவாசகம்.

"சார், நாளைக்குக் காலைல மச்சான் வர்றாரு. ஒங்க வண்டிதான் பெட்ரோலே குடிக்காதே…"

கலியமூர்த்தி நாட்காட்டியைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணிக்குப் பூங்கோதைக்குப் பிசியோதெரபி. முடியாது என்று சொல்ல அவருக்கு இன்னும் வரவில்லை. பெருமூச்சு மட்டும் வந்தது.

"வரேன் சார். ஆனா ஒண்ணு. என் வீட்டுக்காரியும் கூட வருவா. மச்சான் பின்னாடிதான் ஒக்காரணும்."

"பின்னாடியா சார்?" என்று இழுத்தார் மாணிக்கவாசகம்.

"அங்க காத்து வராது, முன்னாடியே சொல்லிடுங்க" என்றார் கலியமூர்த்தி.