இடது கண் வெள்ளையாய் விழுந்த படங்கள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, எங்கள் மகளுக்கு இரண்டு வயது முடியப்போகிற சமயம் நடந்தது இது. எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில். நான் அப்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் சமையலறையில் வேலை செய்தேன். வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளிலும் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதை விட போனில் படம் எடுப்பதுதான் அதிகம் என்று மனைவி ஏசுவாள்.

போன் நிறைந்து, இனி இடமில்லை என்று காட்டத் தொடங்கியபோது ஒரு யோசனை வந்தது. என்னோடு வேலை செய்தவர் தன் கல்யாணப் படங்களைப் புத்தகமாக அடித்து வைத்திருந்தார். தடித்த அட்டை, மினுங்கும் தாள், பக்கத்துக்கு மூன்று நான்கு படம். மகளின் பிறந்தநாளுக்கு அப்படி ஒன்று செய்ய ஆசைப்பட்டேன். இரண்டு லீவு நாள் இருந்து நூறு படங்களைத் தெரிந்தெடுத்து, டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். கொம்பியூட்டரில் பக்கங்களை அடுக்குகிறவர் ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், அதிகம் பேசமாட்டார். திகதிப்படி அடுக்கவா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

நான்காம் நாள் மதியம், சமையலறை ஒரே அவசரமாக இருந்த நேரத்தில் அவரிடமிருந்து போன் கோல் வந்தது.

"அண்ணா, புள்ளட இடது கண் கொஞ்சப் படத்தில வெள்ளையா விழுந்திருக்கு."

ஃபிளாஷ் அடித்தால் கண் சிவப்பாக விழும் என்று எனக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். "அதக் கறுப்பாக்கி விடுங்க தங்கச்சி" என்றேன்.

"சிவப்பெண்டா உங்களுக்குக் கோல் எடுத்திருக்க மாட்டன். இது வெள்ளை. மற்றக் கண் சரியாத்தான் இருக்கு."

இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் ஓர்டர். "உங்களுக்கு அதச் செய்யத் தெரியாட்டிச் சொல்லுங்க, நான் வேற இடத்தில குடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பின்னேரம் போனைத் திறந்தால் வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய ஒரு படம். என் மகளின் முகத்தை மட்டும் ஒன்பது படங்களிலிருந்து வெட்டி, திகதிப்படி வரிசையாக வைத்திருந்தார். முதல் மூன்றில் ஒன்றும் இல்லை. நான்காவதில் இடது கண்ணின் கருமணிக்குள் சின்னதாக ஒரு மங்கல். அதற்குப் பிறகு அது கூடிக்கொண்டே போனது. கடைசிப் படத்தில் அந்த ஒரு கண் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னியது. எல்லாம் நானே எடுத்த படங்கள். நானே தெரிந்தெடுத்தவை.

கீழே எழுதியிருந்தார்: "நான் டொக்டர் இல்ல. இதக் கறுப்பாக்க ரெண்டு நிமிசம் போதும். ஒரு படத்தில ஆக்கியும் போட்டன். மற்றதுகளப் பாத்த பிறகு கை வரல்ல. புள்ளய ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்க அண்ணா."

ஹோட்டலில் சொல்லிவிட்டு அப்படியே புறப்பட்டேன். பஸ்ஸில் இருந்தபடி போனில் மிச்சமிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தேன். ஏறாவூர் தாண்டும்போது போனை மூடி சேர்ட் பைக்குள் வைத்துவிட்டேன். மனைவிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் போனதும் மகள் ஓடி வந்தாள். அவளை மடியில் வைத்து, விளையாட்டுப் போல இடது கண்ணை என் கையால் பொத்தினேன். சிரித்தாள். பிறகு வலது கண்ணைப் பொத்தினேன். சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்து இழுத்தாள். இழுக்க முடியாமல் போனதும், முன்னால் இருக்கிற என்னை விட்டுவிட்டு வேறு பக்கம் முகத்தைத் திருப்பி "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாள்.

மனைவி அடுப்பை விட்டுக் குசினி வாசலுக்கு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "புள்ளைக்கு என்ன? ஏன் அங்கால பாக்கிறா?" என்று கேட்டவளின் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த நாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போனோம். எப்போதிருந்து இப்படி என்று டொக்டர் அம்மா கேட்டார். போனைத் திறந்து அந்த ஒன்பது முகங்களையும் நீட்டினேன். அவர் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அறையை இருட்டாக்கி, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமலே கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். "நாளைக்கே போங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார்.

கொழும்பில்தான் அது கண்ணுக்குள் வருகிற புற்றுநோய் என்று சொன்னார்கள். மற்றக் கண்ணுக்கோ மூளைக்கோ பரவியிருக்கிறதா என்று தெரிய ஐந்து நாள் எடுத்தது. அந்த ஐந்து நாளும் நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது ஒருவர் சாவைப் பற்றிச் சொல்லிவிடுவோம் என்ற பயம். பிள்ளையோ வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஓடி விளையாடினாள்.

பரவவில்லை. ஆனால் அந்தக் கண்ணை எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். அதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது நான். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கண்ணோடு நின்றிருக்காது என்று டொக்டர் சொன்னார்.

திரும்பி வந்த பிறகு ஸ்டூடியோவுக்குப் போனேன். ஏசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். முந்திக்கொண்டு அவரே பேசினார். "எனக்கும் பயம்தான் அண்ணா. பிழையாப் போனா, பிறந்தநாள் புத்தகம் அடிக்கக் குடுத்த இடத்தில புள்ளைக்குக் கண்ணில வருத்தமெண்டு சொன்னவள் எண்டு ஊரெல்லாம் கதைப்பீங்க. மூண்டு நாள் யோசிச்சுத்தான் கோல் எடுத்தன்."

அந்த மூன்று நாளும் அவர் தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். நான் ஒரு நிமிடம்கூடக் காது கொடுக்கவில்லை.

புத்தகம் பிறந்தநாள் கழிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்தது. ஒரு கண்ணும் கறுப்பாக்கப்படவில்லை. அவர் மாற்றியிருந்த அந்த ஒரு படத்தையும் பழையபடி ஆக்கி, எல்லாவற்றையும் அப்படியே அடிக்கச் சொன்னேன். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். செயற்கைக் கண் என்று சொன்னால்தான் தெரியும். சில மாதங்களுக்கு ஒருமுறை கொழும்பில் மற்றக் கண்ணைச் சோதிப்பார்கள். சோதிக்கிற அறையின் கதவு திறந்து டொக்டர் வெளியே வரும் வரை இன்றைக்கும் நான் உட்காராமல் அங்கேயே நிற்கிறேன்.

யாராவது நான் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு இப்போதும் முதலில் கோபம்தான் வருகிறது; ஆனால் அதைச் சொல்ல அவர் எத்தனை நாள் பயந்தாரோ என்று நினைத்து, முழுவதையும் கேட்டு முடிக்கிறேன்.